சிப் இருக்கு, சரி… பதிவில் இருப்பது உங்க பழைய நம்பரா?

தீபாவளிக்கு முதல் நாள் இரவு என்று வைத்துக்கொள்ளுங்கள். ரவாங்கில் உங்கள் தாமானில் நாலு பக்கமும் பட்டாசுச் சத்தம். வீட்டுக்கு வந்த யாரோ கேட்டைச் சரியாகச் சாத்தாமல் போய்விட்டார். உங்க கருப்பன் பயத்தில் ஒரே ஓட்டம்.

மறுநாள் காலை, இரண்டு தாமான் தள்ளி, நல்ல மனசுக்காரர் ஒருவர் அவனைப் பிடித்துப் பக்கத்து கிளினிக்குக் கொண்டுபோகிறார். டாக்டர் ஸ்கேனரை முதுகுப் பக்கம் வைக்கிறார். 'பீப்'. திரையில் 15 இலக்க எண் ஒன்று வருகிறது. அந்த எண்ணைப் பதிவேட்டில் தேடினால் உங்கள் பெயரும் வருகிறது, போன் நம்பரும் வருகிறது. உடனே அழைக்கிறார்கள்.

"நீங்கள் அழைத்த எண் பயன்பாட்டில் இல்லை."

அது நீங்கள் காலேஜ் படிக்கும்போது வைத்திருந்த ப்ரீபெய்ட் நம்பர். மூன்று வருஷத்துக்கு முன்பே மாற்றிவிட்டீர்கள். கருப்பனின் பதிவில் மாற்ற மறந்துவிட்டீர்கள்.

இது கற்பனைக் காட்சிதான். ஆனால் சிப் போட்ட நாயும் பூனையும் வீடு திரும்பாமல் போவதற்கு இதுவே முக்கியமான காரணங்களில் ஒன்று. சிப் பழுதாவதைவிட, அதன் பின்னால் இருக்கும் தகவல் பழசாவதுதான் அதிகம் நடக்கிறது. அதைச் சரிசெய்ய ஆகும் நேரம் பெரும்பாலும் ஒரு டீ குடிக்கும் நேரம்தான். எப்படி என்று பார்ப்போம்.

சிப்புக்குள்ளே என்னதான் இருக்கு?

பலர் நினைப்பது போல சிப்புக்குள் உங்கள் பெயர் இல்லை, முகவரி இல்லை, போன் நம்பரும் இல்லை. உள்ளே இருப்பது ஓர் எண், அவ்வளவுதான்.

சிப் ஓர் அரிசி மணி அளவுதான். சுமார் 12 மில்லிமீட்டர் நீளம், 2 மில்லிமீட்டர் தடிமன். சின்னக் கண்ணாடிக் குழாய்க்குள் ஒரு செம்புக் கம்பிச் சுருளும் ஒரு மின்னணுச் சில்லும் இருக்கும். தடுப்பூசி போடுவது போலவே, தோள்பட்டைகளுக்கு நடுவில் தோலுக்கு அடியில் ஊசி வழியாகச் செலுத்துவார்கள். அறுவை சிகிச்சை எதுவும் வேண்டாம்.

சிப்பில் பேட்டரி கிடையாது. ஸ்கேனரைப் பக்கத்தில் கொண்டுபோனால், அதிலிருந்து வரும் ரேடியோ அலைதான் சிப்புக்குச் சக்தி தருகிறது. சிப் தன் எண்ணைத் திருப்பிச் சொல்கிறது. இதற்கு ஐஎஸ்ஓ 11784, 11785 என்ற உலகத் தரநிலைகள் உண்டு. அவற்றின்படி செய்த சிப் 134.2 கிலோஹெர்ட்ஸ் அலைவரிசையில் இயங்கும், 15 இலக்க எண் கொண்டிருக்கும்.

பேட்டரி இல்லாததால் சிப் பல வருஷம் அப்படியே இருக்கும். அதே காரணத்தால் அது ஜிபிஎஸ்ஸும் இல்லை. "சிப் இருக்கே, எங்கே இருக்கான்னு போன்ல பார்க்கலாமே" என்று கேட்பவர்கள் உண்டு. முடியாது. யாராவது பிடித்து, ஸ்கேன் செய்தால்தான் சிப் பேசும்.

கார் நம்பர் பிளேட்டை நினைத்துப் பாருங்கள். பிளேட்டில் உங்கள் பெயர் எழுதியிருக்காது. பெயரும் முகவரியும் இருப்பது ஜேபிஜே பதிவில். சிப்பும் அப்படித்தான். பிளேட் பளபளப்பாக இருந்து, பதிவில் பழைய உரிமையாளரின் பெயர் இருந்தால் என்ன பயன்?

பழைய நம்பர் அவ்வளவு பெரிய பிரச்சினையா?

ஆமாம். இதை எண்ணிப் பார்த்திருக்கிறார்கள்.

2009-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு, 53 விலங்குக் காப்பகங்களுக்கு வந்த 7,704 சிப் போட்ட விலங்குகளைப் பார்த்தது. முதலில் நல்ல செய்தி: காப்பகங்களுக்கு வந்த வழிதவறிய நாய்களை மொத்தமாக எடுத்துக்கொண்டால் 21.9 விழுக்காடுதான் உரிமையாளரிடம் திரும்பின. சிப் போட்ட நாய்களில் அது 52.2 விழுக்காடு. பூனைகளில் வித்தியாசம் இன்னும் பெரிது: மொத்தத்தில் 1.8 விழுக்காடு, சிப் போட்டவற்றில் 38.5 விழுக்காடு. சிப் போடுபவர்கள் பொதுவாகவே கொஞ்சம் அக்கறை கூடியவர்களாக இருக்கலாம், அதையும் கணக்கில் எடுக்க வேண்டும். ஆனாலும் இது சின்ன வித்தியாசம் இல்லை.

இனி கெட்ட செய்தி. சிப் இருந்தும் உரிமையாளரைக் கண்டுபிடிக்க முடியாமல் போனதற்கு முதல் காரணம், போன் நம்பர் தவறாக இருந்தது அல்லது துண்டிக்கப்பட்டிருந்தது: 35.4 விழுக்காடு. அடுத்தது, உரிமையாளர் அழைப்புக்கோ கடிதத்துக்கோ பதில் தராதது: 24.3 விழுக்காடு. சிப் வேறொரு டேட்டாபேஸில் பதிவாகியிருந்தது 17.2 விழுக்காடு. எங்குமே பதிவு செய்யப்படாதது 9.8 விழுக்காடு.

ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் ஆர்எஸ்பிசிஏ காப்பகங்களின் தகவலை வைத்துச் செய்த ஆய்வு 2015-இல் வந்தது. அங்கே சிப் போட்ட விலங்குகளில் 37 விழுக்காட்டின் பதிவில் ஏதோ ஒரு கோளாறு இருந்தது. அதில் அதிகமாகக் காணப்பட்டது, பழைய உரிமையாளரின் பெயரிலேயே பதிவு கிடந்ததுதான்.

நம்பர் எப்படிப் பழசாகிறது?

யாரும் வேண்டுமென்றே செய்வதில்லை. நம் வாழ்க்கை மாறும்போது பதிவு அப்படியே நின்றுவிடுகிறது. இதில் எது உங்களுக்குப் பொருந்தும் என்று பாருங்கள்:

- ப்ரீபெய்ட் சிம்மை டாப்-அப் செய்யாமல் விட்டீர்கள், நம்பர் காலாவதியாகிவிட்டது. பிறகு அதே நம்பர் முன்பின் தெரியாத வேறொருவருக்குக் கொடுக்கப்படலாம்.
- வேலைக்காகச் சிங்கப்பூருக்கோ பினாங்குக்கோ போய்விட்டீர்கள். நாய் ரவாங்கில் அம்மா அப்பாவிடம். பதிவில் இருப்பது உங்கள் பெயர் மட்டும்.
- பிரிக்பீல்ட்ஸில் வாடகை வீட்டில் இருந்தபோது பூனைக்குச் சிப் போட்டீர்கள். இப்போது ரவாங்கில் சொந்த வீடு. முகவரி மாறவில்லை.
- காப்பகத்திலிருந்தோ நண்பரிடமிருந்தோ தத்தெடுத்தீர்கள். சிப் ஏற்கனவே இருந்தது. பதிவு இன்னும் அவர்கள் பெயரில்.
- வீட்டில் ஒரு சாவு. நாய் தாத்தாவின் பெயரில் பதிவாகியிருந்தது. தாத்தா போன பிறகு அவருடைய போனையும் நிறுத்திவிட்டீர்கள்.

கடைசியாகச் சொன்னதை யாரும் யோசிப்பதில்லை. அந்த நேரத்தில் ஆயிரம் வேலை இருக்கும், நாயின் சிப் யாருக்கு ஞாபகம் வரும்? ஆனால் வீட்டில் பழகிய முகம் திடீரென்று இல்லாமல் போகும்போது, ஆட்கள் வருவதும் போவதுமாகக் கேட் திறந்தே கிடக்கும்போது, நாய் வெளியே போய்விடும் வாய்ப்பும் அதிகம்.

பதிவு செய்த நிறுவனமே மூடிவிட்டால்?

அதுவும் நடந்திருக்கிறது. அமெரிக்காவில் 'சேவ் திஸ் லைஃப்' என்ற சிப் நிறுவனம் 2025 தொடக்கத்தில் திடீரென்று மூடப்பட்டது. விலங்கின் உடம்பில் இருந்த சிப்புகளுக்கு ஒன்றும் ஆகவில்லை, ஸ்கேன் செய்தால் எண் வந்தது. ஆனால் அந்த எண்ணுக்குப் பின்னால் இருந்த பதிவை யாராலும் எட்ட முடியவில்லை. புதிய சிப் தேவையில்லை, அதே எண்ணை வேறொரு டேட்டாபேஸில் மறுபடி பதிவு செய்யுங்கள் என்பதே அங்கே உரிமையாளர்களுக்குச் சொல்லப்பட்ட தீர்வு.

நமக்கும் இதில் பாடம் உண்டு. "எப்போதோ பதிவு பண்ணியாச்சு" என்று விட்டுவிட முடியாது. அந்தப் பதிவு இன்னும் உயிரோடு இருக்கிறதா என்று அவ்வப்போது பார்க்க வேண்டும்.

சரி, என் பதிவு எங்கே இருக்கு?

இந்தக் கேள்விக்குத்தான் பலருக்குப் பதில் தெரியாது. உங்கள் விவரம் ஒரே இடத்தில் இருக்கும் என்று நினைக்காதீர்கள். சிப் எங்கே போட்டீர்கள் என்பதைப் பொறுத்து, இந்த இடங்களில் ஒன்றிலோ பலவற்றிலோ இருக்கலாம்:

- சிப்பைத் தயாரித்த அல்லது விற்ற நிறுவனத்தின் டேட்டாபேஸ்
- சிப் போட்ட கிளினிக்கின் சொந்தப் பதிவு
- தத்துக் கொடுத்த காப்பகத்தின் பதிவு
- நாய் உரிமம் கொடுத்த நகராண்மைக் கழகம்
- சான்றிதழ் உள்ள வம்ச நாய் என்றால், மலேசிய நாய் வளர்ப்போர் சங்கமான எம்கேஏ

இவை ஒன்றுக்கொன்று தானாகப் பேசிக்கொள்ளும் என்று எதிர்பார்க்க வேண்டாம். கிளினிக்கில் புது நம்பர் கொடுத்தீர்கள் என்பதற்காக சிப் நிறுவனத்தின் டேட்டாபேஸில் அது மாறிவிடாது. ஒவ்வொரு இடத்திலும் நீங்கள்தான் மாற்ற வேண்டும்.

எந்த நிறுவனத்தின் சிப் என்று தெரியவில்லையா? எண்ணின் முதல் 3 இலக்கம் ஒரு துப்பு. சில நாடுகளின் சிப்புகளில் அது நாட்டுக் குறியீடு. பல சிப்புகளில் அது 9-இல் தொடங்கும், அப்படியென்றால் தயாரித்த நிறுவனத்தின் குறியீடு. அதைக் காட்டிக் கேட்டால், எந்த டேட்டாபேஸில் தேட வேண்டும் என்று கிளினிக்கில் பெரும்பாலும் சொல்லிவிடுவார்கள்.

இன்றைக்கே செய்ய வேண்டியது: 6 படிகள்

1. எண்ணைக் கண்டுபிடியுங்கள். தடுப்பூசிப் புத்தகத்தைத் திறந்து பாருங்கள். சிப் போட்டபோது பார்கோடு ஸ்டிக்கர் ஒன்றை அதில் ஒட்டியிருப்பார்கள். இல்லையென்றால் தத்தெடுத்த பேப்பரில் இருக்கலாம். எங்கேயும் இல்லையா? கிளினிக்குக் கூட்டிப்போய் ஸ்கேன் செய்யச் சொல்லுங்கள்.

2. போனில் படம் எடுத்து வையுங்கள். ஸ்டிக்கரையும் தடுப்பூசிப் பக்கத்தையும் படம் எடுத்து, வீட்டு வாட்ஸ்அப் குழுவில் போடுங்கள். நீங்கள் இல்லாத நேரத்தில் தம்பியோ அக்காவோ தேட வேண்டியிருக்கும்.

3. டேட்டாபேஸில் உள்ளே போய்ப் பாருங்கள். பெயர், போன், இமெயில், முகவரி நாலையும் சரிபாருங்கள். பாஸ்வேர்ட் மறந்துவிட்டதா, பழைய இமெயிலும் போய்விட்டதா? சிப் எண்ணையும், நீங்கள்தான் உரிமையாளர் என்பதற்கான ஆதாரத்தையும் வைத்துக்கொண்டு நேரடியாகத் தொடர்புகொள்ளுங்கள். வணிக நிறுவனம் உங்களைப் பற்றி வைத்திருக்கும் தவறான தகவலைத் திருத்தக் கேட்கும் உரிமை 2010-ஆம் ஆண்டு தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் உங்களுக்கு இருக்கிறது.

4. இரண்டாவது நம்பர் சேருங்கள். இதுதான் ரொம்ப முக்கியம். நீங்கள் வேலையில், விமானத்தில், ஆஸ்பத்திரியில் இருக்கலாம். வேறு வீட்டில் இருக்கும், நம்பர் அடிக்கடி மாற்றாத ஒருவரைப் போடுங்கள். அத்தையோ, பெரியப்பாவோ, நெருங்கிய நண்பரோ. அவரிடம் முன்கூட்டியே சொல்லியும் வையுங்கள்.

5. உரிமையாளர் பெயரைச் சரிசெய்யுங்கள். தத்தெடுத்த பிராணி என்றால், முதல் உரிமையாளரின் சம்மதமோ கையெழுத்தோ கேட்கப்படலாம். அவரோடு தொடர்பு இருக்கும்போதே செய்துவிடுங்கள். இரண்டு வருஷம் கழித்துத் தேடினால் கிடைக்கமாட்டார்.

6. ஒரு தடவை அழைத்துப் பாருங்கள். பதிவில் இருக்கும் நம்பரைத் திரையைப் பார்த்தே, ஒவ்வோர் இலக்கமாக இன்னொரு போனிலிருந்து அழுத்துங்கள். உங்கள் போன் மணி அடிக்கிறதா? அடித்தால் வேலை முடிந்தது. ஓர் இலக்கம் மாறிப் பதிவாகியிருந்தாலும் இதில் தெரிந்துவிடும்.

ரவாங்வாசிகள் கவனிக்க வேண்டியது

ரவாங் பட்டணம் செலாயாங் நகராண்மைக் கழகத்தின் கீழ் வருகிறது. கொஞ்சம் வடக்கே செரண்டா பக்கம் போனால் அது உலு சிலாங்கூர் நகராண்மைக் கழகம். நாய்க்கு இந்த எல்லை தெரியாது. பட்டாசுக்குப் பயந்து ஓடும் நாய் ஒரே இரவில் எல்லை தாண்டிப் போயிருக்கலாம். காணாமல் போனால் இரண்டு இடத்திலும் கேளுங்கள்.

நாய்க்கு ஊராட்சி மன்ற உரிமம் தேவை. அதை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். உரிமத்தில் இருக்கும் முகவரியும் போன் நம்பரும் சரியா என்று புதுப்பிக்கும்போதே பார்த்துவிடுங்கள். கழுத்தில் உரிம வில்லை இல்லாமல் தெருவில் திரியும் நாயைத் தெருநாய் என்று பிடித்துப் போக வாய்ப்பு உண்டு. பிடிபட்ட நாயை ரொம்ப நாள் வைத்திருக்கமாட்டார்கள். குறிப்பிட்ட நாட்களுக்குள் உரிமையாளர் வந்து கட்டணம் கட்டி மீட்காவிட்டால், அதன் உயிருக்கே உத்தரவாதம் இல்லை. பதிவில் இருக்கும் நம்பர் வேலை செய்யாமல் போவது அந்தச் சில நாட்களைத்தான் தின்றுவிடுகிறது.

வெள்ளத்தையும் மறக்க வேண்டாம். 2021 டிசம்பரில் கிள்ளான் பள்ளத்தாக்கை வெள்ளம் சூழ்ந்தபோது பல குடும்பங்கள் கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு வீட்டை விட்டு வெளியேறின. அப்படி ஒரு நாளில் கழுத்துப் பட்டை கழன்று போகும், புத்தகம் நனைந்து போகும். தோலுக்கு அடியில் இருக்கும் எண் மட்டும் கூடவே இருக்கும்.

மற்ற இடங்களில் சட்டம் எப்படி?

பக்கத்துச் சிங்கப்பூரில் நாய்களுக்கு உரிமமும் மைக்ரோசிப்பும் கட்டாயம். 2024 செப்டம்பர் 1 முதல் பூனைகளையும் அதே வளையத்துக்குள் கொண்டுவந்திருக்கிறார்கள். இங்கிலாந்தில் நாய்களுக்கு 2016 ஏப்ரலிலும், பூனைகளுக்கு 2024 ஜூன் 10-லும் சிப் கட்டாயமானது. அங்கே மீறினால் 500 பவுண்ட் வரை அபராதம். சிப் போட்டால் மட்டும் போதாது, தொடர்பு விவரத்தைப் புதுப்பித்து வைத்திருப்பதும் உரிமையாளரின் கடமை என்று அந்தச் சட்டம் சொல்கிறது.

மலேசியாவுக்குள் வெளிநாட்டிலிருந்து நாய், பூனை கொண்டுவரவும் மைக்ரோசிப் தேவை. சரவாக்கில் 2017 ஜூலையில் வெறிநாய்க்கடி நோய்ப் பரவல் அறிவிக்கப்பட்ட பிறகு, எந்த நாய்க்குத் தடுப்பூசி போட்டாகிவிட்டது, அது யாருடைய நாய் என்ற கேள்வி அங்கே பொதுச் சுகாதாரக் கேள்வியாகவே ஆகிவிட்டது. ஒரு நாய் யாரையாவது கடித்துவிட்டால், சிப்பும் சரியான பதிவும் இருந்தால் தடுப்பூசி விவரத்தை உடனே கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். அது கடிபட்டவருக்கும் நல்லது, நாய்க்கும் நல்லது.

சிப் இருந்தா கழுத்துப் பட்டை வேணுமா?

வேணும். பக்கத்து வீட்டு ஆன்ட்டியிடம் ஸ்கேனர் இருக்காது, ஆனால் போன் இருக்கும். பட்டையில் தொங்கும் வில்லையில் உங்கள் நம்பர் இருந்தால் ஐந்தே நிமிஷத்தில் அழைத்துவிடுவார். பட்டை கழன்று போனால் சிப் கைகொடுக்கும். பூனைக்கு என்றால், எங்காவது மாட்டிக்கொண்டால் தானாகக் கழன்றுகொள்ளும் பட்டையாக வாங்குங்கள். நம்பர் மாற்றினால் வில்லையையும் மாற்ற மறக்காதீர்கள்.

காணாமல் போய்விட்டால்?

முதல் வேலை, சிப் டேட்டாபேஸில் 'காணவில்லை' என்று குறிக்கச் சொல்வது. அடுத்து, சுற்றியுள்ள கிளினிக்குகள், நகராண்மைக் கழகம், அம்பாங்கில் இருக்கும் எஸ்பிசிஏ போன்ற காப்பகங்கள் ஆகியவற்றுக்குப் படத்தோடு தகவல் கொடுங்கள். தாமான் வாட்ஸ்அப் குழுக்களிலும் பெட்ஃபைண்டர் இணையதளத்திலும் போடுங்கள்.

ஒன்று மட்டும் கவனம். பொதுவில் போடும்போது முழு சிப் எண்ணையும் போடாதீர்கள். "உங்க நாய் எங்கிட்ட இருக்கு, முதல்ல காசு அனுப்புங்க" என்று மெசேஜ் வந்தால், கிளினிக்கில் ஸ்கேன் செய்து கடைசி 4 இலக்கத்தைச் சொல்லச் சொல்லுங்கள். உண்மையில் வைத்திருப்பவரால் சொல்ல முடியும், மோசடிக்காரரால் முடியாது.

வேறு யாரோட நாயையாவது பார்த்தா?

பழக்கப்பட்ட நாய் மாதிரி தெரிந்தால், பாதுகாப்பாகப் பிடிக்க முடிந்தால், கிளினிக்குக் கொண்டுபோய் ஸ்கேன் செய்யக் கேளுங்கள். முதுகில் மட்டும் பார்த்து விட்டுவிட வேண்டாம். சிப் சில நேரம் தோள் பக்கமோ முன்னங்கால் பக்கமோ நகர்ந்திருக்கும், அதனால் உடம்பு முழுக்க மெதுவாக ஸ்கேன் செய்ய வேண்டும்.

மறக்காமல் இருக்க ஒரு வழி

இதற்கென்று தனி நாள் ஒதுக்க வேண்டாம். ஆண்டுத் தடுப்பூசிக்குப் போகும்போது "டாக்டர், சிப்பை ஒரு தடவை ஸ்கேன் பண்ணிப் பாருங்க" என்று கேளுங்கள். சிப் படிக்கிறதா என்று தெரிந்துவிடும். வீட்டுக்கு வந்ததும் பதிவைத் திறந்து பார்த்துவிடுங்கள். போன் நம்பர் மாற்றும்போது பேங்க், ஆபீஸ், டச் அன் கோ என்று ஒரு பட்டியல் வைத்திருப்பீர்கள் இல்லையா? அந்தப் பட்டியலில் உங்க நாயின் பெயரையும் பூனையின் பெயரையும் எழுதி வையுங்கள்.